பிரிந்த பிறகும் பத்திரத்தில் இரண்டு பெயர்கள்... அந்த வீட்டை வாடகைக்கு விடுமுன் இதையெல்லாம் கவனியுங்கள்!

"சார், இந்த மாச வாடகையை எந்த அக்கவுன்ட்டுல போடறது? நேத்து மேடம் போன் பண்ணி வேற நம்பர் குடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

குடியிருப்பவரிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தால், பிரச்னை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

சிறுசேரி சிப்காட்டில் வேலை, கேளம்பாக்கத்தில் வீடு. ஓ.எம்.ஆரை நம்பி வாழ்க்கையைத் தொடங்கிய பல இளம் தம்பதிகளின் திட்டம் இதுதான். இருவர் சம்பளத்தையும் காட்டி வங்கிக் கடன், இருவர் பெயரிலும் பத்திரம். பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் ஒத்துப்போகாமல் பிரிகிறார்கள். ஒருவர் அம்மா வீட்டுக்குப் போகிறார், இன்னொருவர் வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போகிறார். வீடு பூட்டிக்கிடக்கிறது. ஆனால் இ.எம்.ஐ தேதி தவறாமல் போய்க்கொண்டே இருக்கும். மெயின்டனன்ஸ், வீட்டு வரி எல்லாம் தனி. கோவளம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் பூட்டிய வீட்டின் கிரில் கேட்டும் ஜன்னல் கம்பியும் துருப்பிடிப்பது இன்னொரு பக்கம்.

விற்கலாம் என்றால் விலை ஒத்துவரவில்லை, அல்லது ஒருவருக்கு மனசு வரவில்லை. 'சரி, இப்போதைக்கு வாடகைக்கு விடுவோம்' என்ற முடிவுக்கு வருகிறீர்கள். நல்ல முடிவுதான். சிப்காட் ஊழியர்கள், வண்டலூர் ரோட்டில் இருக்கும் வி.ஐ.டி மாணவர்கள், படூர் இந்துஸ்தான் கல்லூரி, செட்டிநாடு மருத்துவமனை என்று இந்தப் பகுதியில் வாடகைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. சிக்கல் வருவது பெரும்பாலும் குடியிருப்பவரால் அல்ல. 'அதெல்லாம் பேசிக்கலாம்' என்று நீங்கள் இருவரும் எழுதாமல் விட்ட விஷயங்களால்தான். எதையெல்லாம் எழுத வேண்டும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விவாகரத்து ஆனால் வீடு தானாகப் பிரிந்துவிடுமா?

பிரியாது. பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில், திருமணத்துக்குப் பிறகு சம்பாதித்த சொத்து பொதுவாக இருவருக்கும் சமம் என்று சட்டமே சொல்கிறது. இந்தியாவில் கோவா போன்ற ஓரிரு பகுதிகளைத் தவிர வேறெங்கும் அப்படிப் பொதுவான விதி இல்லை. இங்கே பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். குடும்ப நல நீதிமன்றம் விவாகரத்து ஆணை கொடுத்த மறுநாளும் நீங்கள் இருவரும் இணை உரிமையாளர்கள்தான். ஒருவர் மற்றவருக்கு எழுதிக்கொடுத்துப் பதிவு செய்யும் வரையிலோ, நீதிமன்றம் வேறு உத்தரவு போடும் வரையிலோ இந்த நிலை மாறாது.

பரஸ்பர சம்மத விவாகரத்தில், வீட்டை என்ன செய்வது என்பதையும் சமரச நிபந்தனைகளில் எழுதிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. இன்னும் மனு போடவில்லை என்றால் அந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். 'வீடு விற்கும்வரை வாடகையை இப்படிப் பிரித்துக்கொள்வோம்' என்ற ஒரு பத்தி, பின்னால் வரப்போகும் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து வீடு வாங்கியவர்களுக்கும் இணை உரிமை விதிகள் இதேதான். வழக்கு என்று வந்தால் மட்டும் அவர்கள் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் பதிலாக சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

யாருக்கு எத்தனை பங்கு?

கிரையப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பங்கு விகிதம் எழுதியிருந்தால் அதுவே அடிப்படை. பல பத்திரங்களில் இரண்டு பெயர்கள் மட்டும் இருக்கும், விகிதம் இருக்காது. அந்த நேரத்தில் 1882-ம் வருட சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 45-வது பிரிவு உதவிக்கு வரும். யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்று காட்ட முடிந்தால், அந்த விகிதத்தில் பங்கு. காட்ட ஆதாரம் இல்லையென்றால் இருவருக்கும் சமம் என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

அதனால் முன்பணம் போன வங்கி ஸ்டேட்மென்ட், இ.எம்.ஐ போன கணக்கு, நகையை அடகு வைத்த அல்லது விற்ற ரசீது, அப்பா அனுப்பிய பணத்தின் விவரம் என எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். 'என் நகையை வித்துதான் அட்வான்ஸ் குடுத்தோம்' என்று வாயால் சொல்வதற்கும், ரசீதோடு சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பழைய வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்பே ஸ்டேட்மென்ட்டை டவுன்லோடு செய்துவிடுங்கள்.

ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு வாடகைக்கு விடலாமா?

நடைமுறையில் விடுகிறார்கள். ஆனால், அது ஆபத்தான குறுக்குவழி. ஒரு இணை உரிமையாளர் தன் பங்கின் மேல்தான் மற்றவருக்கு உரிமை கொடுக்க முடியும் என்கிறது அதே சட்டத்தின் 44-வது பிரிவு. நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால், 'எனக்குத் தெரியாமல் நடந்தது, இது என்னைக் கட்டுப்படுத்தாது' என்று இன்னொருவர் நாளைக்கு வந்து நிற்கலாம். பாவம், நடுவில் மாட்டிக்கொள்வது குடியிருப்பவர்தான்.

ஒருவர் வெளியூரில் இருந்தால், இன்னொருவருக்கோ நம்பகமான மூன்றாவது நபருக்கோ பவர் கொடுக்கலாம். முழு வீட்டுக்கும் பொது அதிகாரம் தேவையில்லை. 'இந்த வீட்டை வாடகைக்கு விட, ஒப்பந்தம் போட, வாடகை வசூலிக்க மட்டும்' என்று அளவோடு எழுதினால் போதும். விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வீடு தொடர்பாக வழக்கு நடந்துகொண்டிருந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் டு-லெட் போர்டு மாட்ட வேண்டாம். 2005-ம் வருட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பெண்ணுக்கு அவர் வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை நீதிமன்றம் பாதுகாக்கலாம். அந்த வீட்டைக் கைமாற்றத் தடையும் போடலாம். அப்படிப்பட்ட உத்தரவு இருக்கும்போது அவசரமாக ஒருவரைக் குடிவைத்தால், அது நீதிமன்ற உத்தரவை மீறுவதாக முடியும்.

குடியிருப்பவருக்கு முன்னால், உங்கள் இருவருக்குள் ஒரு ஒப்பந்தம்

வாடகை ஒப்பந்தம் என்றால் உடனே புரோக்கரையும் பத்திரம் எழுதுபவரையும் நினைக்கிறோம். அதற்கு முன்னால் போட வேண்டியது, உங்கள் இருவருக்குள் ஒரு எழுத்துபூர்வ ஒப்பந்தம். இரண்டு பக்கம் போதும். அதில் இருக்க வேண்டியவை:

* யாருக்கு எத்தனை சதவிகிதம் பங்கு.
* வாடகை எந்தக் கணக்குக்கு வரும், எந்தத் தேதிக்குள் பிரிக்கப்படும்.
* இ.எம்.ஐ, வீட்டு வரி, இன்ஷூரன்ஸ், மெயின்டனன்ஸ் ஆகியவற்றில் யார் எதைக் கட்டுவது.
* ரிப்பேர் செலவில் எவ்வளவு தொகை வரை ஒருவரே முடிவெடுக்கலாம், எதற்கு இருவர் சம்மதமும் வேண்டும்.
* குடியிருப்பவர் யாரிடம் பேசுவார்.
* வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களில் செலவை எப்படிப் பிரிப்பது.
* இந்த ஏற்பாடு எதுவரை. 'இரண்டு வருஷம், அதன்பின் விற்பது அல்லது ஒருவர் வாங்கிக்கொள்வது' என்று தெளிவாக.

கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முடிவுத் தேதி இல்லாத ஏற்பாடு என்றால், ஒவ்வொரு மாதமும் பழைய கணக்கைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கணக்கு எப்படி வரும் என்று ஒரு உதாரணம் பார்ப்போம். இருவருக்கும் சம பங்கு. வாடகை 20,000 ரூபாய், இ.எம்.ஐ 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நியாயப்படி ஆளுக்கு 10,000 வாடகை வர வேண்டும், ஆளுக்கு 16,000 இ.எம்.ஐ போக வேண்டும். அதாவது, ஆளுக்குக் கையிலிருந்து 6,000. இப்போது வாடகை முழுக்க ஒருவர் கணக்குக்கு வருகிறது, இ.எம்.ஐ முழுக்க இன்னொருவர் கணக்கிலிருந்து போகிறது என்றால், வாடகை வாங்குபவர் மற்றவருக்கு மாதம் 26,000 ரூபாய் அனுப்ப வேண்டும். 'நான் 20,000-ஐ அப்படியே குடுத்துட்டேனே' என்று சொன்னாலும் மாதம் 6,000 பாக்கி நிற்கிறது. ஒரு வருஷத்தில் அது 72,000 ரூபாய். குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய ஒருவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

இந்தத் தலைவலியைக் குறைக்க எளிய வழி, வாடகைக்கென்றே ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட். வாடகை அதில் வரும், இ.எம்.ஐ அதிலிருந்து போகும், குறையும் தொகையை இருவரும் மாதம் 1-ம் தேதி போடுவார்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கியில் சொல்லிவிட்டால் இன்னும் நிம்மதி.

வங்கியிடம் சொன்னீர்களா?

வீட்டுக் கடனில் இருவரும் கடன்தாரர்கள் என்றால், முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு. 'அவர்தான் கட்டறதா ஒத்துக்கிட்டார்' என்பது உங்கள் இருவருக்குள் இருக்கும் பேச்சு. விவாகரத்து ஆணையில் அப்படி எழுதியிருந்தாலும், வங்கி உங்களை விடுவிக்காத வரை அதைக் கட்டுப்படுத்தாது. தவணை தவறினால் இருவர் சிபில் ஸ்கோரும் சேர்ந்தே விழும். அதனால் இ.எம்.ஐ யார் கட்டினாலும், கடன் கணக்கைப் பார்க்கும் வசதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் ஒப்பந்தத்தில், வாடகைக்கு விட வங்கியின் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். அடமானத்தில் இருக்கும் கட்டடத்தைப் பொதுவாக 3 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட முடியாது என்று சட்டத்திலும் ஒரு வரம்பு இருக்கிறது.

வாடகை ஒப்பந்தம்: இரண்டு பெயர்கள், இரண்டு கையெழுத்துகள்

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ம் வருடச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். இதற்கென அரசின் தனி இணையதளம் இருக்கிறது. ஓ.எம்.ஆர் பகுதியில் ஊருக்கு ஊர் எல்லைகள் மாறுவதால், உங்கள் தெரு எந்த அதிகாரியின் எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டும்.

ஒப்பந்தத்தில் நீங்கள் இருவரும் உரிமையாளர்களாக இருக்க வேண்டும். வாடகை எந்தக் கணக்குக்குச் செல்ல வேண்டும் என்ற எண்ணை அதிலேயே எழுதுங்கள். 'இருவரும் எழுத்தில் சொன்னால் மட்டுமே கணக்கு எண் மாறும்' என்று ஒரு வரியும் சேருங்கள். ஆரம்பத்தில் பார்த்த அந்த போன் கால் வராமல் இருக்க இந்த ஒரு வரி போதும்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். சென்னைப் பக்கம் 10 மாத அட்வான்ஸ் என்பது பழைய பழக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர, 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது புதிய சட்டம். குடியிருப்பவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். பிரிந்த தம்பதிகள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். வாங்கும்போது ஒருவர் கைக்குப் போன பணம், திருப்பித் தரும்போது 'நான் ஏன் தரணும்?' என்று ஆகிவிடும். அட்வான்ஸைப் பங்கு போட வேண்டாம். அது உங்கள் வருமானம் அல்ல, திருப்பித் தர வேண்டிய பணம். ஜாயின்ட் அக்கவுன்ட்டில் டெபாசிட்டாகப் போட்டு வையுங்கள்.

சாவி கொடுப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய சாமான்கள். கல்யாணத்துக்கு வந்த பாத்திரம், பீரோ, பூஜை அலமாரி, குழந்தையின் சைக்கிள் என எதையும் 'அப்புறம் எடுத்துக்கலாம்' என்று விட்டுவைக்காதீர்கள். லிஸ்ட் போட்டு, போட்டோ எடுத்து, யாருடையது எது என்று இருவரும் ஒத்துக்கொண்டு எடுத்துவிடுங்கள். குடியிருப்பவர் வீட்டில் போய் 'என் குத்துவிளக்கு எங்கே?' என்று கேட்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

வருமான வரி: பங்குக்கு ஏற்ப, தனித்தனியாக

பங்கு தெளிவாக இருந்தால், வாடகை வருமானத்தை இருவரும் அவரவர் பங்குக்குத் தனித்தனியாக வரிக் கணக்கில் காட்ட வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் வருஷ வாடகை 2,40,000 ரூபாய். ஆளுக்கு 1,20,000. கட்டிய வீட்டு வரியைக் கழித்த பிறகு, நிலையான கழிவாக 30 சதவிகிதம் கிடைக்கும். வீட்டு வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், 36,000 போக 84,000 ரூபாய் ஆளுக்கு வருமானம். கடன் வட்டியில் எவ்வளவு கழிக்கலாம் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த வரிமுறையைப் பொறுத்தது.

வாடகை முழுக்க இன்னொருவரே வாங்கி வைத்துக்கொண்டால் என்ன செய்வது? ஆடிட்டரிடம் நிலைமையைச் சொல்லி, உங்கள் பங்கு உங்களுக்கு வரவில்லை என்பதற்கான மெயில், நோட்டீஸ் போன்ற ஆவணங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் ஒருவர் வெளிநாட்டில் குடியேறியிருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு. என்.ஆர்.ஐ உரிமையாளரின் பங்குக்கு வாடகை கொடுக்கும்போது, குடியிருப்பவரே டி.டி.எஸ் பிடித்துக் கட்ட வேண்டும். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தப் பொறுப்பு உண்டு. அடிப்படை விகிதம் 30 சதவிகிதம், அதோடு செஸ். பணமும் பொதுவாக என்.ஆர்.ஓ கணக்குக்குத்தான் போகும். இதை ஆரம்பத்திலேயே குடியிருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

குடியிருப்பவரை நடுவில் நிறுத்தாதீர்கள்

'நாங்க பிரிஞ்சுட்டோம்' என்று விலாவாரியாகச் சொல்லத் தேவையில்லை. 'வீட்டுக்கு இரண்டு ஓனர், பேச வேண்டியது இவரிடம்' என்பது தெரிந்தால் போதும். அவர் மூலமாகத் தூது விடுவதும், 'அவங்க வந்தாங்களா?' என்று விசாரிப்பதும் வேண்டவே வேண்டாம்.

'என் வீடுதானே' என்று நினைத்தபோது போய்க் கதவைத் தட்டவும் முடியாது. வீட்டுக்குள் வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2017 சட்டம். கோபத்தில் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்துவதும் சட்டப்படி தப்பு. யாருக்கு வாடகை கொடுப்பது என்றே தெரியாத நிலை வந்தால், குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் பணத்தைக் கட்டலாம். அப்படி ஆகிவிட்டால், உங்கள் பணத்தை வாங்க நீங்கள் இருவரும் அலைய வேண்டியிருக்கும்.

நேரில் பேசிக்கொள்ளவே முடியாத நிலை என்றால், சொத்து மேலாளரை நியமிக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. இருவருக்கும் பொதுவான ஒரு நபரோ, வீட்டு நிர்வாகம் செய்யும் நிறுவனமோ வசூல், ரிப்பேர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். அதற்குக் கொடுக்கும் கட்டணத்தை நிம்மதிக்கான செலவாக நினைத்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல இருவரும் சேர்ந்துதான் வழக்குப் போட வேண்டுமா? கட்டாயமில்லை. இணை உரிமையாளர் ஒருவரே காலி செய்யக் கோரி வழக்குத் தொடரலாம் என்று 1976-ல் ஸ்ரீராம் பஸ்ரிச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால், இன்னொரு உரிமையாளர் எதிர்ப்புத் தெரிவித்தால் கதை சிக்கலாகும்.

ஒத்துவரவே இல்லை என்றால்?

முதல் படி, வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ். வாடகைக் கணக்கும் உங்கள் பங்கும் கேட்டு எழுதுங்கள். இணை உரிமையாளர் ஒருவர் முழு வாடகையும் வாங்கினால், மற்றவருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். சில மாதங்கள் வாடகை வாங்காததால் மட்டும் வீட்டில் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால், பண பாக்கிக்குக் காலவரம்பு உண்டு, பொதுவாக 3 வருஷம். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து சமரச மையம் அல்லது செங்கல்பட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

அதிலும் முடியாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. ஃபிளாட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாது என்பதால், விற்றுப் பணத்தைப் பிரிக்கவோ ஒருவர் பங்கை மற்றவர் வாங்கவோ 1893-ம் வருட பாகப்பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது. வழக்கு முடியும்வரை வாடகையை வசூலிக்க ஒரு ரிசீவரை நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

ஒருவர் பங்கை மற்றவர் எடுத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், விவாகரத்து ஆணைக்கு முன்பே பத்திர அலுவலகத்தில் விசாரியுங்கள். கணவன் மனைவிக்குள் விடுதலைப் பத்திரம், தானசெட்டில்மென்ட் எழுதும்போது குடும்ப உறுப்பினர்களுக்கான முத்திரைத்தீர்வைச் சலுகை உண்டு. ஆணை வந்தபின் கணக்கு மாறக்கூடும். வித்தியாசம் லட்சங்களில் வரலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

மூன்று வேலைகள். கிரையப் பத்திரத்தை எடுத்துப் பங்கு விவரத்தைப் பாருங்கள். கடன் கணக்கின் இன்றைய நிலையை வங்கியில் கேளுங்கள். பிறகு, மேலே சொன்ன அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தை நீங்களே ஒரு வரைவாக எழுதி, இன்னொருவருக்கு மெயிலில் அனுப்புங்கள். பழைய விஷயம் எதையும் அதில் எழுத வேண்டாம். தேதி, தொகை, கணக்கு எண் போதும். பதில் வந்ததும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, உங்கள் பத்திரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டு-லெட் போர்டு அதற்கு அப்புறம் மாட்டினால் போதும்.